புது டிராவல் டிரெய்லர் வாங்கியாச்சு: முதல் சில பயணங்களை எப்படி அமைப்பது?

கேள்வி இதுதான்: 26 அடி நீளத்தில் புது டிராவல் டிரெய்லர், அதாவது வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் சக்கர வீடு, வாங்கியிருக்கிறீர்கள். இழுக்க ஒரு பிக்கப் டிரக் இருக்கிறது. நீங்கள் இருவர், பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் இருவர். இதற்கு முன் டிரெய்லர் இழுத்த பழக்கம் இல்லை. கோடை விடுமுறையில் முதல் பயணமாக நேரே யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போய் ஒரு வாரம் தங்கலாமா, அதற்குள் என்னென்ன தெரிந்துகொள்ள வேண்டும்?

போகலாம். ஆனால் அதை முதல் பயணமாக வைக்காதீர்கள். மூன்று சின்னப் பயணங்களை முடித்துவிட்டு, நான்காவதாக வையுங்கள். டிரெய்லரை இழுத்து ஓட்டுவது ஒரு வேலை. முகாமில் பின்னால் தள்ளி நிறுத்தி, சமநிலைப்படுத்துவது இன்னொன்று. மின்சாரம், தண்ணீர், கழிவு மூன்றையும் கையாள்வது மற்றொன்று. இந்த மூன்றுக்கும் இணைப்பு எதுவும் இல்லாத இடத்தில் பேட்டரியையும் தொட்டியில் உள்ள தண்ணீரையும் வைத்துச் சமாளிப்பது தனிக் கலை. இவை அத்தனையையும் வீட்டிலிருந்து பல நூறு மைல் தள்ளி, களைத்துப்போன பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒரே வாரத்தில் கற்றுக்கொள்ளப் போனால், ஆசையாக வாங்கிய வண்டி மேலேயே வெறுப்பு வந்துவிடும். அது உங்களுக்கு நேரக் கூடாது என்றுதான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இன்னொரு காரணமும் உண்டு. டிரெய்லர் புதிது என்பதால் எல்லாம் சரியாக இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். சாலையில் ஓடும்போது முழு வீடும் குலுங்குகிறது. தண்ணீர்க் குழாய் இணைப்பு கசிவது, அலமாரிக் கதவின் திருகு கழன்று வருவது, ஜன்னல் ஓரத்தில் ஒட்டு விட்டுப்போவது எல்லாம் முதல் சில பயணங்களில்தான் வெளியே தெரியும். ஆகவே முதல் பயணம் வீட்டிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் இருக்கட்டும். விற்றவரின் பணிமனையும் பக்கத்தில் இருந்தால் இன்னும் நல்லது.

எங்கும் கிளம்புவதற்கு முன் எடைக் கணக்கைப் போட்டுவிடுங்கள். பலர் "என் டிரக் 9,000 பவுண்டு இழுக்கும், டிரெய்லர் 5,000தான்" என்று அங்கேயே கணக்கை முடித்துவிடுகிறார்கள். உண்மையில் முதலில் இடிப்பது இழுவைத் திறன் அல்ல, டிரக் தன் முதுகில் சுமக்கக்கூடிய எடை. ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் கூடாது என்று ஒரு ஸ்டிக்கர் இருக்கும். அதில் 1,400 என்று இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்றிய டிரெய்லர் 6,000 பவுண்டு என்றால், அதன் முன்பக்கம் ஹிட்ச் (டிரக்கையும் டிரெய்லரையும் கோக்கும் பாகம்) மேல் அழுத்தும் எடை அதில் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். நடுவில் ஒரு எண்ணாக 750 என்று எடுத்துக்கொள்ளுங்கள். எடையைப் பகிரும் ஹிட்ச் ஒரு 90 பவுண்டு. நீங்கள் நால்வரும் 500. கூட்டினால் 1,340 ஆகிவிட்டது. டிரக்கின் பின்பெட்டியில் இன்னும் 60 பவுண்டுதான் வைக்கலாம். நாலு சைக்கிளும் ஒரு ஜெனரேட்டரும் ஏற்றலாம் என்று நினைத்திருந்தால் அதற்கு இடமில்லை.

விளம்பரத்தில் போட்டிருக்கும் வெற்று எடையையும் நம்பி இறங்காதீர்கள். தண்ணீர், பாத்திரம், துணிமணி எதுவும் அதில் சேராது. பல சமயம் பேட்டரிகூடச் சேராது. ஒரு கேலன் தண்ணீர் சுமார் 8.3 பவுண்டு. 40 கேலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு கூடிவிடும். நிஜமான எடை தெரிய, பயணத்துக்குக் கட்டியது போலவே எல்லாவற்றையும் ஏற்றி, பிள்ளைகளையும் உட்காரவைத்து, பெரிய டிரக் நிறுத்தங்களில் இருக்கும் எடை மேடைக்குக் கொண்டுபோங்கள். ஒரு முறை டிரெய்லரோடு, ஒரு முறை டிரக் மட்டும். இதைச் செய்யாமல் நெடுஞ்சாலைக்குப் போகவே வேண்டாம் என்பேன். ஏனென்றால் முன்பக்க எடை 10 சதவீதத்துக்குக் கீழே போனால் டிரெய்லர் வால்போல ஆடத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

அப்படி ஆடினால் என்ன செய்வது என்பதை இருவரும் இப்போதே மனதில் பதித்துக்கொள்ளுங்கள். டிரக்கின் பிரேக்கை மிதிக்கக் கூடாது. ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் திருப்பவும் கூடாது. ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, டிரெய்லரின் பிரேக்கை டிரக்கிலிருந்தே இயக்கும் பிரேக் கன்ட்ரோலரில் இருக்கும் கை லீவரை அழுத்தி டிரெய்லரின் பிரேக்கை மட்டும் போடுங்கள். டிரெய்லர் பின்னாலிருந்து இழுத்துப் பிடிக்கும்போது இரண்டும் ஒரே நேர்கோட்டுக்கு வந்துவிடும். இந்த லீவர் எங்கே இருக்கிறது என்று கண்ணால் தேடாமல் கை போக வேண்டும். அதற்கு ஒரு காலி வாகன நிறுத்துமிடத்தில் 20, 25 மைல் வேகத்தில் ஓட்டி, லீவரை மட்டும் அழுத்திப் பழகுங்கள். டிரெய்லர் உறுதியாக இழுத்துப் பிடிக்க வேண்டும், ஆனால் சக்கரம் பூட்டிக்கொண்டு தேயக் கூடாது. கன்ட்ரோலரின் அளவை அதற்கேற்ப வைத்துக்கொள்ளுங்கள்.

அதே இடத்தில் ரிவர்ஸும் பழகிவிடலாம். கையை ஸ்டியரிங்கின் அடிப்பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். டிரெய்லரின் பின்புறம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ, கையை அந்தப் பக்கம் நகர்த்துங்கள், குழப்பம் பாதி குறைந்துவிடும். பின்னால் நின்று வழிகாட்டுபவர் எப்போதும் ஓட்டுநரின் கண்ணாடியில் தெரிய வேண்டும். கூச்சல் போடுவதைவிட இருவரும் போனில் பேசிக்கொண்டே செய்வது நல்லது. கணவன் மனைவி சண்டையில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்குகிறது. சந்தேகம் வந்தால் நிறுத்தி இறங்கிப் பார்த்துவிட்டு வாருங்கள், எத்தனை முறை வேண்டுமானாலும். இருவருமே ஓட்டவும் பழகுங்கள், ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் மற்றவர் வீடு கொண்டு வந்து சேர்க்க முடியும்.

சரி, முதல் இரவை எங்கே கழிப்பது? உங்கள் வீட்டு வாசலிலேயே, அங்கே அனுமதி இருந்தால். பிள்ளைகளுக்கு அதுவே திருவிழாதான். எல்லாச் சாதனத்தையும் ஒரு முறை ஓட்டிப் பாருங்கள்: அடுப்பு, ஃபிரிட்ஜ், ஹீட்டர், குளியல், கழிப்பறை. ராத்திரியில் எந்தப் பொருள் இல்லை என்று தெரிகிறதோ, பத்தடி நடந்து எடுத்து வரலாம். அப்போது எழுதும் பட்டியல்தான் உங்கள் குடும்பத்துக்குப் பொருந்தும் சாமான் பட்டியல்.

வீட்டில் மின்சாரம் கொடுக்கும்போது ஒரு எச்சரிக்கை. 30 ஆம்ப் டிரெய்லர் சாக்கெட் 120 வோல்ட்டுக்கானது. பார்ப்பதற்குத் துணி உலர்த்தும் இயந்திரத்தின் சாக்கெட் போல இருப்பதால், டிரெய்லர் பற்றித் தெரியாத எலக்ட்ரீஷியன் 240 வோல்ட் கொடுத்துவிடுவது உண்டு. அதில் செருகினால் உள்ளே இருக்கும் சாதனங்கள் எரிந்துபோகும். புதிதாக சாக்கெட் போட்டால் அளந்து பார்த்த பிறகே செருகுங்கள். முகாமிலும் இதே பழக்கம் வேண்டும்: பிரேக்கரை அணைத்து, வோல்ட்டேஜைக் கண்காணிக்கும் சர்ஜ் புரொடெக்டரைச் செருகி, அது சரி என்று காட்டினால் மட்டும் டிரெய்லரை இணையுங்கள்.

30 ஆம்ப் என்றால் மொத்தம் 3,600 வாட். ஏ.சி. ஓடும்போது சுமார் 1,500, மைக்ரோவேவ் 1,500, வாட்டர் ஹீட்டரில் தண்ணீரைச் சூடாக்கும் மின் கம்பி 1,400. மூன்றும் ஒன்றாக ஓடினால் பிரேக்கர் விழுந்துவிடும். பழுது என்று பயப்பட வேண்டாம், வாட்டர் ஹீட்டரைப் புரொப்பேன் எரிவாயுவுக்கு மாற்றிவிட்டால் போதும். ஆனால் அந்த ஹீட்டரை எதில் போட்டாலும் முன்னதாக அதன் தொட்டியில் தண்ணீர் நிரம்பியிருக்க வேண்டும். வெந்நீர்க் குழாயைத் திறந்து, காற்று இல்லாமல் தண்ணீர் வருவதைப் பார்த்த பிறகே சுவிட்சைப் போடுங்கள். காலித் தொட்டியில் மின் கம்பி சற்று நேரத்திலேயே எரிந்துவிடும்.

வாசலில் தங்கிப் பார்த்தாயிற்று என்றால், அடுத்தது பக்கத்தில் உள்ள ஒரு முகாம், இரண்டு இரவு. மின்சாரம், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் உள்ள இடமாகப் பாருங்கள். முன்னால் நுழைந்து முன்னாலேயே வெளியேறும் வகை இடம் கிடைத்தால் எடுத்துக்கொள்ளுங்கள், ரிவர்ஸ் கவலை இல்லை. கிளம்பும் நாளில் டயர் குளிர்ந்திருக்கும்போது காற்றைப் பாருங்கள். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது டிரெய்லரின் முன்பக்க இடது மூலையில் ஒட்டியிருக்கும். டிரெய்லர் டயர்களில் பல 65 மைல் வேகத்துக்கு மட்டும் செய்யப்பட்டவை, ஆகவே நெடுஞ்சாலையில் 60, 62ஐத் தாண்டாமல் ஓட்டுங்கள். புதுச் சக்கரங்களின் நட்டுகள் ஓட ஓடத் தளரும். முதல் 10, 25, 50 மைல்களில் நிறுத்தி டார்க் ரென்ச்சால் (சொன்ன அளவுக்கு இறுக்க உதவும் கருவி) இறுக்கச் சொல்லும் கையேடுகள் உண்டு. இதற்காக வழியில் நிறுத்துவதைச் சோம்பல் பார்த்துத் தள்ளிப்போடாதீர்கள்.

டிரெய்லரை டிரக்கோடு சேர்க்கும் பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்ட வேண்டும். டிரெய்லர் கழன்றால் தானாகப் பிரேக் போடும் மெல்லிய கேபிளைச் சங்கிலியிலோ ஹிட்ச் பந்திலோ மாட்டாமல் டிரக்கின் உறுதியான பாகத்தில் தனியாக மாட்டுங்கள். டிரெய்லரின் பேட்டரி செத்திருந்தால் அந்தப் பிரேக் வேலை செய்யாது என்பதும் நினைவிருக்கட்டும். கூரை ஏ.சி.யோடு சேர்த்து டிரெய்லரின் உயரத்தை அளந்து, டிரக்கில் கண்ணுக்குப் படும் இடத்தில் ஒட்டிவையுங்கள். பெரும்பாலும் 11 அடியை ஒட்டி வரும். காருக்கான வழிகாட்டி ஆப்புக்கு உங்கள் உயரம் தெரியாது.

முகாமில் வரிசை மாறக் கூடாத சில வேலைகள் இருக்கின்றன. முதலில் இடவலச் சமநிலை. தாழ்ந்த பக்கத்துச் சக்கரத்தை ஒரு பலகை மேல் ஏற்றுங்கள். பிறகு இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். அதற்குப் பிறகுதான் டிரக்கைக் கழற்ற வேண்டும். கட்டை வைக்காமல் கழற்றினால் டிரெய்லர் உருண்டுவிடும், அந்த நேரத்தில் பிள்ளைகள் பக்கத்தில் நின்றால் நினைக்கவே பயமாக இருக்கிறது. கழற்றிய பின் முன் ஜாக்கை ஏற்றி இறக்கி முன்பின் சமநிலை பாருங்கள். கடைசியாக நான்கு மூலை ஜாக்குகள். அவை ஆட்டத்தைக் குறைக்க மட்டும்தான், வண்டியைத் தூக்க அல்ல. தூக்கப் பார்த்தால் ஜாக்கும் வளையும், சட்டமும் முறுகும்.

தண்ணீர்க் குழாயில் அழுத்தக் கட்டுப்பாட்டு வால்வு இல்லாமல் இணைக்காதீர்கள். 45 முதல் 60 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அளவு) வரை போதும். முகாம்களில் சில இடங்களில் அதைவிட அதிகமாக வரும், உள்ளே குழாய் இணைப்பு விட்டுப்போய்த் தரையெல்லாம் தண்ணீராகிவிடும்.

கழிவுத் தொட்டி பற்றித்தான் எல்லோருக்கும் கூச்சம், ஆனால் இதில் சிரமம் எதுவும் இல்லை. கழிப்பறைத் தொட்டிக்குக் கருப்பு, குளியலறை சமையலறைத் தண்ணீருக்குச் சாம்பல் என்று பெயர். கருப்புத் தொட்டியில் தொடக்கத்திலேயே சில கேலன் தண்ணீரும் அதற்கான மருந்தும் ஊற்றிவிடுங்கள். கழிவுக் குழாய் இணைத்திருந்தாலும் அந்தத் தொட்டியின் வால்வு மூடியே இருக்க வேண்டும். திறந்து வைத்தால் தண்ணீர் மட்டும் ஓடிப்போய்த் திடக்கழிவு அடியில் கட்டியாகிவிடும், பிறகு அதை எடுப்பது பெரும்பாடு. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்த பின் கையுறை போட்டுக்கொண்டு கருப்பைத் திறந்து காலியாக்குங்கள், அடுத்து சாம்பலைத் திறந்துவிடுங்கள், அந்தச் சோப்புத் தண்ணீரே குழாயைக் கழுவிவிடும். சுவரில் இருக்கும் அளவு விளக்கு கொஞ்ச நாளில் பொய் சொல்லத் தொடங்கும், அதை முழுதாக நம்ப வேண்டாம். சீக்கிரம் கரையும் காகிதத்தை மட்டும் பயன்படுத்தச் சொல்லிப் பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். ஈரத் துடைப்பான் எதுவும் உள்ளே போகக் கூடாது.

பிள்ளைகளோடு முதல் இரவே செய்ய வேண்டியது இன்னொன்று. படுக்கைக்குப் பக்கத்தில் இருக்கும் அவசர ஜன்னலை அவர்கள் கையாலேயே திறக்க வையுங்கள். புது வண்டியில் அந்தத் தாழ்ப்பாள் இறுக்கமாக இருக்கும், இருட்டில் முதல் முறையாகத் திறக்கப் போனால் முடியாது. கார்பன் மோனாக்ஸைடு, புரொப்பேன், புகை மூன்று எச்சரிக்கைக் கருவிகளையும் அழுத்தி, அந்த ஒலியைக் கேட்கவையுங்கள். தீயணைப்பான் எங்கே என்று அவர்களுக்கும் தெரிய வேண்டும். குளிருக்காக அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டு படுப்பதை ஒருபோதும் செய்யாதீர்கள். நான்கு பேர் மூச்சு விடும் சின்ன இடம் என்பதால், ஹீட்டர் ஓடினாலும் கூரை ஜன்னலை ஓர் அங்குலம் திறந்து வையுங்கள். இல்லாவிட்டால் காலையில் ஜன்னலெல்லாம் தண்ணீர் வழியும்.

அடுத்த பயணத்தில் தூரத்தைக் கூட்டுங்கள், 150 முதல் 200 மைல். கொஞ்சம் மலைச்சாலை உள்ள வழியாக இருந்தால் இன்னும் நல்லது. இறக்கத்தில் கியரைக் குறைத்து எஞ்சினைப் பிடிக்கவிட வேண்டும், பிரேக்கை அழுத்திக்கொண்டே வந்தால் அது சூடேறிப் பிடிப்பை இழக்கும். எரிபொருள் கிட்டத்தட்ட இரு மடங்கு போகும், ஆகவே பாதித் தொட்டியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வளைந்து வெளியேற இடம் உள்ள நிலையமாகப் பார்த்து. டிரெய்லர்க்காரர்களிடையே ஒரு வழக்கம் உண்டு: ஒரு நாளைக்கு 300 மைலுக்கு மேல் வேண்டாம், மாலை 3 மணிக்குள் முகாமில் இருக்க வேண்டும், ஓர் இடத்தில் குறைந்தது 3 இரவு. பிள்ளைகளோடு முதல் வருடத்தில் 300கூட அதிகம். 3 மணிக்குள் சேர்வது மட்டும் விட்டுக்கொடுக்கக் கூடாதது. வெளிச்சத்தில் சுலபமாக முடியும் ரிவர்ஸ், இருட்டில் ஒரு மணி நேரப் போராட்டமாகிவிடும்.

மூன்றாவது பயணம் மறுபடியும் பக்கத்தில், ஆனால் இணைப்பு எதுவும் இல்லாமல். இதைத்தான் பலர் தாண்டிவிட்டுப் போகிறார்கள், தேசியப் பூங்காக்களுக்கோ இதுதான் முக்கியமான பாடம். உங்கள் டிரெய்லரோடு வந்திருப்பது சாதாரண ஈய பேட்டரி என்றால் அதில் சுமார் 80 ஆம்ப்-மணி (பேட்டரி சேமிக்கும் மின்சார அளவு) இருக்கும். கெடாமல் பயன்படுத்தக்கூடியது அதில் பாதி, 40. புரொப்பேனில் ஓடும் அறை ஹீட்டரின் விசிறிக்குப் பேட்டரிதான் சக்தி, ஓடும்போது சுமார் 8 ஆம்ப் இழுக்கும். குளிரான பத்து மணி நேர இரவில் அது பாதி நேரம் ஓடினாலே 40 ஆம்ப்-மணி தீர்ந்துவிட்டது. ஃபிரிட்ஜும் 12 வோல்ட் வகையாக இருந்தால் விடியும் முன்பே இருட்டுதான். 100 ஆம்ப்-மணி லித்தியம் பேட்டரியில் ஏறக்குறைய முழுதையும் பயன்படுத்தலாம், கூடவே சூரியத் தகடு இருந்தால் நிம்மதி. பேட்டரி மாற்றும்போது சார்ஜரும் லித்தியத்துக்கு ஏற்றதா என்று பார்க்க வேண்டும். 20 பவுண்டு புரொப்பேன் சிலிண்டரில் சுமார் 4,30,000 பி.டி.யு. (வெப்பத்தின் அளவு) இருக்கிறது. மணிக்கு 30,000 பி.டி.யு. எரிக்கும் ஹீட்டர் அதில் பதினான்கு மணி நேரம் எரியும். இந்த எண்களை உங்கள் சொந்த இரவுகளில் சரிபார்த்துக்கொள்ளத்தான் இந்தப் பயணம்.

தண்ணீரில் முதலில் தீர்வது நன்னீர்த் தொட்டி அல்ல என்பதும் அப்போது தெரியும். நான்கு பேர் வீட்டில் குளிப்பது போலக் குளித்தால், சாம்பல் தொட்டி இரண்டு நாளில் நிறைந்துவிடும். நனைத்து, குழாயை மூடி, சோப்புப் போட்டு, மறுபடி திறந்து கழுவும் பழக்கத்தைப் பிள்ளைகள் பெரியவர்களைவிடச் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள்.

யெல்லோஸ்டோனைப் பொறுத்தவரை, பூங்காவுக்குள் முழு இணைப்பு உள்ள முகாம் ஃபிஷிங் பிரிட்ஜ் ஒன்றுதான். கரடிகள் நடமாடும் இடம் என்பதால் கெட்டிச் சுவர் கொண்ட வண்டிகளுக்கு மட்டுமே அங்கே இடம். துணியால் விரியும் படுக்கை உள்ள டிரெய்லர் அனுமதிக்கப்படாது. மற்ற முகாம்களில் மின்சாரமும் கிடையாது, ஜெனரேட்டர் அனுமதி உள்ள இடங்களிலும் குறிப்பிட்ட நேரத்துக்குத்தான் ஓட்டலாம். அந்தப் பகுதி சுமார் 7,800 அடி உயரத்தில் இருப்பதால் கோடையிலும் இரவு நன்றாகக் குளிரும், ஹீட்டர் கணக்கு அங்கே உதவும். முன்பதிவின்போது இடத்தின் நீளத்தைக் கவனித்துப் படியுங்கள். சில இடங்களில் டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த நீளத்தைத்தான் கேட்பார்கள், உங்களுக்கு அது 45 அடியைத் தாண்டிவிடும். பதிவுகள் மாதக்கணக்கில் முன்பே நிறைந்துவிடும் என்பதால் இடத்தை இப்போதே பிடித்துவிட்டு, அதற்குள் மூன்று சின்னப் பயணங்களையும் முடித்துக்கொள்ளுங்கள்.

ஒவ்வொரு பயணமும் முடிந்து வரும்போது, குறைகளை அன்றே தேதியோடு எழுதி, படம் எடுத்து, விற்றவருக்கு மின்னஞ்சலில் அனுப்புங்கள். வாய்வார்த்தை உதவாது. உத்தரவாதம் பெரும்பாலும் ஒரு வருடம்தான், பணிமனையில் முறை வரவே வாரக்கணக்கில் ஆகும். கூரையின் ஒட்டுகளை ஏணி போட்டு ஏறிப் பாருங்கள், அலமாரிகளின் உள் மூலைகளில் கைவைத்து ஈரம் இருக்கிறதா என்று தடவுங்கள். தண்ணீர் புகுந்தால் மரச்சட்டம் உள்ளுக்குள்ளேயே மக்கிப்போகும், வெளியே தெரியும்போது காலம் கடந்திருக்கும். கோடை முழுக்கக் காத்திருந்து மொத்தமாகச் சொல்லலாம் என்று விடாமல், முதல் இரண்டு பயணக் குறைகளுக்கே பணிமனையில் நாள் கேட்டுவிடுங்கள், யெல்லோஸ்டோன் தேதிக்கு ஒரு மாதம் முன்பாவது வண்டி கைக்கு வரும்படி.